எழுந்து போன ஊற்றும் ஒரு வெள்ளைப் பெட்டியும்

இப்படியெல்லாம் நடக்குமா என்று கேட்பவர்களோடு நாங்கள் வாதாடுவதில்லை. ஊருக்கு வரச்சொல்லி, பலா மரத்தடியில் உட்காரவைத்து, கல்தொட்டியிலிருந்து ஒரு செம்பு தண்ணீர் மொண்டு கொடுப்போம். குடித்து முடித்த பிறகும் கேட்டால், அவர்களுக்கு நேரம் இருக்கிறது என்று பொருள். எங்களுக்கும் இருக்கிறது, சொல்கிறோம்.

எங்கள் ஊர் மேற்கு மலையில், பஸ் மூச்சுவாங்கி நின்று இனி முடியாது என்று திரும்பிப் போகும் வளைவுக்கு மேலே இருக்கிறது. நல்லூத்துமேடு என்று பெயர். பெயரில் இருக்கிற அந்த ஊற்று ஒரு கரும்பாறைக்கு அடியில் பிறந்து, கல்தொட்டியில் விழுந்து, நிரம்பி வழிந்து, காப்பிச் செடிகளுக்கு நடுவே போய் மறைந்துவிடும். எங்களுக்குச் சோறு வடிப்பதும், எங்கள் பிள்ளைகளைக் குளிப்பாட்டுவதும், எங்கள் ஆட்களைக் கடைசியாகக் கழுவி அனுப்புவதும் அந்தத் தண்ணீர்தான் என்பதால், அதை ஒரு ஆளாகத்தான் பேசுவோம். ஊத்து இன்றைக்குக் கோபமாக இருக்கிறது, ஊத்துக்கு இன்றைக்குச் சளி பிடித்திருக்கிறது என்போம். ஆளாகப் பேசிப் பேசி அது ஆளாகவே ஆகிவிட்டதோ என்னவோ, ஒரு நாள் காலையில் எழுந்து போய்விட்டது.

போன விதத்தைச் சொல்லும்முன் செங்கமலத்தைச் சொல்ல வேண்டும். கல்தொட்டிக்கு எதிரே டீக்கடை வைத்திருப்பவள் அவள். ரப்பர் பால் எடுக்கக் கேரளாவுக்குப் போன புருசன் அங்கேயே இன்னொரு குடும்பத்தில் ஒட்டிக்கொண்டான் என்று தெரிந்த வாரம், அவள் அழுவாள் என்று ஆறுதல் சொல்லப் போன எங்களை மண் மிதிக்கச் சொன்னவள் அவள். அந்த மண்ணில்தான் கடைச் சுவர் எழும்பியது. கை தாராளம், வாய் அதைவிடத் தாராளம். அவளுக்கு ஒரே ஒரு பிடிவாதம்: சாப்பிட்டவர் இலையைச் சாப்பிட்டவர் எடுக்கக் கூடாது. வந்தவரை இலை எடுக்க விடுவதைவிடப் பட்டினி போட்டு அனுப்பலாம் என்பாள். நாங்களும் அப்படித்தான் வளர்ந்தோம். அவள் எங்களைவிட ஒரு பிடி கூடுதல், அவ்வளவுதான்.

ஒரு மழைக்காலம் முடிந்து வெயில் தலைகாட்டிய நாட்களில், அவள் கடைக்குப் பின்னால் இருந்த பலா மரத்து நிலத்துக்கு வீட்டு வண்டிகள் வரத் தொடங்கின. கேம்பர் வேன் என்று அவர்கள் சொன்னார்கள். ஒரே வண்டிக்குள் கட்டிலும் அடுப்பும் குழாயும் கக்கூசும் வைத்துக்கொண்டு, சொந்த வீட்டைப் பூட்டிவிட்டு அந்த வண்டியில் வந்து காட்டில் படுக்கிற ஆட்களை நாங்கள் முதலில் பரிதாபமாகத்தான் பார்த்தோம். நல்ல ஆட்கள்தான். எங்கள் டீயைப் புகழ்ந்தார்கள், பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்தார்கள், மேகத்தைப் பார்த்துக் கை தட்டினார்கள். கிளம்பும்போது சிலர் கையில் மூட்டையை வைத்துக்கொண்டு, "அக்கா, இதை எங்க போடுறது?" என்று கேட்கவும் செய்தார்கள்.

"அதக் கையில தூக்கிட்டு நிக்கிறதாவது! அங்கிட்டு வச்சிட்டுப் போங்க, நாங்க பாத்துக்கிறோம்" என்பாள் செங்கமலம்.

பார்த்துக்கொண்டாள். மூட்டைகளைக் கொண்டுபோய் மேலே இருந்த பள்ளத்தில் போட்டாள். உண்ணிச்செடி மண்டிய ஆழமான பள்ளம், எவ்வளவு போட்டாலும் வாங்கிக்கொள்ளும், வெளியே தெரியாது. அவள் சொல்லைக் கேட்டுக் கேட்டு வந்தவர்களும் பழகிவிட்டார்கள். பாத்திரம் கழுவிய எண்ணெய்த் தண்ணீர், பிள்ளைகளின் டயாப்பர், கடைசியில் வண்டிக் கக்கூசில் சேர்ந்தது எல்லாம் அந்தப் பள்ளத்துக்கே போனது. பள்ளம் கரும்பாறைக்கு நேர் மேலே இருந்தது. அதை நாங்கள் எல்லோரும் தினமும் பார்த்தோம், ஒருவரும் பார்க்கவில்லை.

ஊற்று எழுந்து போன காலையில் அதை முதலில் கண்டவள் செங்கமலம்தான். தொட்டி காய்ந்து கிடந்தது, ஈரம்கூட இல்லை, பல காலமாக அப்படியே கிடந்தது போல ஒரு ஓணான் அதில் வெயில் காய்ந்தது. குடத்தை இடுப்பில் வைத்தபடியே காது கொடுத்தாள். மேட்டுக் காப்பித் தோட்டத்துக்கு மேலே சலசலப்புக் கேட்டது. ஏறிப் போனாள். கமலா ஆரஞ்சு மரத்தடியில், அதுவரை தண்ணீரே கண்டிராத மண்ணில், அதே தண்ணீர், அதே குளிர்ச்சி, அதே பாட்டோடு பொங்கிக்கொண்டிருந்தது. "இங்கயா வந்து உக்காந்திருக்க?" என்று கேட்டுவிட்டுக் குடத்தை நிரப்பிக்கொண்டு இறங்கி வந்தாள். வரும் வழியில் எதிர்ப்பட்டவர்களிடம், "ஊத்து எடம் மாறிருச்சு, அங்கிட்டுப் போங்க" என்றாள். நாங்களும் குடங்களை எடுத்துக்கொண்டு அங்கிட்டுப் போனோம்.

அதற்குப் பிறகு அது அடிக்கடி இடம் மாறியது. வீட்டு வண்டிகள் கூடக் கூட ஊற்று மேலே மேலே ஏறியது. பஞ்சாயத்துத் தலைவர், இரும்புக் குழாய் இனி உதவாது என்று சொல்லி, சுருட்டி எடுத்துப் போகிற மாதிரி ரப்பர் குழாய் வாங்கிப் போட்டார். ஆரஞ்சுத் தோட்டக்காரர், தன் மண்ணுக்குத் தண்ணீர் வந்த பெருமையில் குடம் கொண்டுவந்தவர்களுக்கெல்லாம் வெல்லக் காப்பி கொடுத்தார். ஊற்று பக்கத்துத் தோட்டத்துக்குப் போனதும் காப்பி நின்றது, இரண்டு வீட்டுப் பெண்களுக்கும் பேச்சும் நின்றது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் தாமதமாக வந்தால், "ஊத்து தூரம் டீச்சர்" என்றால் போதும், டீச்சர் உட்காரச் சொல்லிவிடுவார். பெண் கொடுக்க வந்தவர்கள் மாப்பிள்ளையின் வேலையைக் கேட்பதற்கு முன்னால், ஊத்து இப்போது எங்கே இருக்கிறது என்று கேட்டார்கள். மேலே ஏறிப் பார்த்துவிட்டு, கால் வலியோடு இறங்கி, சம்பந்தம் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனவர்களும் உண்டு.

ஊத்தடி அம்மன் கோயில் பூசாரி மொக்கையன் காரணம் சொல்லக் கடமைப்பட்டவர், சொன்னார். செருப்புக் காலோடு தண்ணீர் எடுத்ததால் கோபம் என்றார். செருப்பை விட்டோம், ஊற்று இன்னும் மேலே போனது. பெண்கள் தீட்டு நாட்களில் வந்ததால் கோபம் என்றார். செங்கமலம் தன் காலிக் குடத்தை அவர் வாசலில் கவிழ்த்துவிட்டு, "அப்ப இனிமே நீங்களே மொண்டுக்கங்க மாமா, ஊருக்கும் நீங்களே மொண்டு ஊத்துங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். மறுநாள் பூசாரி, நேற்றுச் சொன்னது தான் அல்ல, தன் மேல் வந்த ஏதோ துர்தேவதை என்று மாற்றிக்கொண்டார்.

அப்படியே போய்ப் போய் ஊற்று ஒரு நாள் முகட்டைத் தாண்டி அந்தப் பக்கம் இறங்கிவிட்டது. சத்தமே இல்லை. அன்றைக்குத்தான் நாங்கள் பயந்தோம். அடிவாரத்திலிருந்து டிராக்டரில் தண்ணீர் வந்தது, அதில் டீசல் வாடை அடித்தது. அதிகாரிகள் வந்து, கீழே வரிசையாகக் கட்டி வைத்திருந்த தகரக் கதவு வீடுகளைக் காட்டி, வாசலுக்கு வாசல் குழாய் இருக்கிறது, வந்துவிடுங்கள் என்று நல்ல மனதோடுதான் சொன்னார்கள். மாசிப் பெட்டித் திருவிழாவை முடித்துக்கொண்டு எல்லோருமாக இறங்கிவிடுவது என்று முடிவானது. சாமான் ஏற்ற ஜீப்புகளுக்குக்கூடச் சொல்லியாயிற்று.

முடிவான கூட்டம் கலைந்த பிறகு செங்கமலம் தன் கடைச் சுவரில் கை வைத்துக்கொண்டு நின்றவள், "கீழ போனா நான் யாரோ ஒருத்தி அடுப்படியில பாத்திரம் கழுவணும். இங்க நான் செங்கமலம். அங்க நான் யாரு?" என்றாள். எல்லோருக்கும் போகிறது ஊர்தான், அவளுக்குப் போவது அவளே என்று தெரிந்துகொண்டே சாமான் கட்டப் போனோம்.

அந்தச் சமயத்தில்தான் அந்த வெள்ளை வேன் வந்தது. ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்ற மரியநேசனும் அவர் மனைவி கிரேஸியும் திருச்சியிலிருந்து வந்திருந்தார்கள். அவர் உயரமும் இவர் உருண்டையுமாக இருந்தார்கள். வேனுக்கு இடம் பிடிப்பதற்கு முன் அவர் இறங்கி, தண்ணீர் எங்கே இருக்கிறது என்று கேட்டார்.

"தண்ணி போயிருச்சு சார்" என்றாள் செங்கமலம்.

"இருந்த இடத்தைக் காட்டுங்க, அதுக்குப் பக்கத்துல வண்டி நிக்கக் கூடாது" என்று சொல்லி, காய்ந்த தொட்டியைப் பார்த்துவிட்டு, நிலத்தின் கடைசி மூலையில், எட்டாத தூரத்தில் கொண்டுபோய் நிறுத்தினார். இல்லாத தண்ணீருக்கு இவ்வளவு மரியாதையா என்று நாங்கள் எங்களுக்குள் சிரித்துக்கொண்டோம். மறுநாள் காலையில் முகட்டுக்கு இந்தப் பக்கம் சலசலப்புக் கேட்டது.

இங்கே எங்கள் மாசித் திருவிழாவைச் சொல்ல வேண்டும். பங்காளிகள் சேர்ந்த ஒவ்வொரு வகையறாவுக்கும் ஒரு சாமிப் பெட்டி உண்டு. அம்மனுக்குரிய துணியும் நகையும் அதற்குள் இருக்கும். வருசத்தில் ஒரு நாள் அதை வீட்டிலிருந்து கோயிலுக்குத் தூக்கிப் போவோம். தூக்குகிறவர் வெறுங்காலோடு, வாயைத் துணியால் கட்டிக்கொண்டு, யார் கேட்டாலும் பதில் பேசாமல், நேரே பார்த்துக்கொண்டு நடப்பார். எதிரில் வருகிறவர்கள் செருப்பைக் கழற்றி ஒதுங்கிக் கும்பிட வேண்டும். இதை எங்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. வாய் கட்டிய ஆள் கையில் பெட்டியைப் பார்த்தால் எங்கள் கால் தானாகச் செருப்பை விடும், கை தானாகக் கூடும்.

சலசலப்புக் கேட்டதற்கு அடுத்த நாள், விடிந்து வெளிச்சம் பரவுகிற நேரத்தில், மரியநேசன் வேனின் பக்கவாட்டில் இருந்த ஒரு சின்னக் கதவைத் திறந்து, மூடி போட்ட வெள்ளைப் பெட்டி ஒன்றை வெளியே இழுத்தார். துண்டால் மூக்கையும் வாயையும் இறுக்கக் கட்டிக்கொண்டார். பெட்டியை இரண்டு கைகளாலும் ஏந்தி, அலுங்காமல், குலுங்காமல், வலதும் இடதும் பாராமல், ஊர் நடுவே நடந்து, ஊருக்குக் கீழே இருக்கிற செக்போஸ்ட் பக்கம் இறங்கினார். தண்ணீர் பிடிக்க நின்றவர்கள் ஒதுங்கினோம். செருப்பைக் கழற்றினோம். பூசாரி மொக்கையன் பல்குச்சியைத் துப்பிவிட்டு இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கினார்.

"அவுக சர்ச்சுக்குப் போற வேதக்காரவுகல்ல மாமா?" என்று யாரோ மெதுவாகக் கேட்டார்கள்.

"எந்தச் சாமியா இருந்தா என்ன, பெட்டி பெட்டிதான்" என்றார் பூசாரி.

அவர் தினமும் போனார். நாங்கள் தினமும் ஒதுங்கினோம். ஊற்று தினமும் இறங்கி வந்தது, முகட்டிலிருந்து தோட்டத்துக்கும், தோட்டத்திலிருந்து ஆரஞ்சு மரத்துக்கும். ஆரஞ்சுத் தோட்டக்காரர் மறுபடி வெல்லக் காப்பி போட்டார். பெட்டிக்குள் இருக்கிற தெய்வம்தான் ஊற்றைக் கைப்பிடித்துக் கூட்டி வருகிறது என்பதில் ஊரில் ஒருவருக்கும் சந்தேகம் இல்லை. வேனின் சக்கரத்தில் சந்தனமும் குங்குமமும் வைத்தோம். பெட்டியில் என்ன இருக்கிறது என்று அவரிடம் கேட்கிற அளவுக்கு நாங்கள் நாகரிகம் தெரியாதவர்கள் இல்லை. வகையறாப் பெட்டிக்குள் என்ன என்று யாரும் யாரிடமும் கேட்பதில்லை. அவரும் சொல்லவில்லை. கிரேஸியம்மா நீளமான ஒரு இடுக்கியை வைத்துக்கொண்டு பலா மரத்தைச் சுற்றிக் கிடந்த பாட்டில் மூடிகளையும் பிளாஸ்டிக் துண்டுகளையும் பொறுக்கிப் பையில் கட்டி, பஸ்ஸில் கீழே கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வருவதையும் பார்த்தோம். பாவம், பொழுது போகவில்லை போல என்று நினைத்தோம்.

செங்கமலத்துக்கு அவர்கள் மேல் நன்றியும் இருந்தது, ஆங்காரமும் இருந்தது. காரணம் இலை. முதல் நாளே மரியநேசன் சாப்பிட்டு முடித்து இலையை எடுக்கப் போக, அவள் கரண்டியோடு ஓடி வந்தாள்.

"வைங்க சார்! எலைய எடுக்கிறதுக்கு இது ஓட்டலா?"

"நான் சாப்பிட்டது, நானே எடுக்கிறேன் தங்கச்சி. எங்க குப்பையை நாங்களே கொண்டுபோயிடுவோம். அது ஒரு பழக்கம். கடைசிப் பெட்டியில நின்னு நின்னு, வண்டி போன பிறகு பின்னால என்ன கிடக்குன்னு பாக்கிற புத்தி போகல."

"எம் மொகத்துல அடிக்கிற மாதிரி இருக்கு" என்று சொல்லிவிட்டு இலையைப் பிடுங்கிக்கொண்டு போனாள். அன்று முதல் சாப்பாட்டு நேரத்தில் இருவருக்கும் சண்டைதான். சில நாள் அவள் ஜெயித்தாள், சில நாள் அவர் முந்திக்கொண்டார்.

ஊற்று கடைசியில் கரும்பாறைக்கே வந்துவிட்டது. தொட்டியின் விளிம்புவரை ஈரம் வந்தது. உள்ளே இறங்கவில்லை. வாசல்வரை வந்து செருப்போடு நிற்கிற கோபக்கார மருமகனைப் போல அங்கேயே நின்றது. அன்றைக்குப் பார்த்து கிரேஸியம்மா, பேத்திக்குச் சர்ச்சில் புதுநன்மைச் சடங்கு, இந்த வாரம் கிளம்புகிறோம் என்றார். வேன் போனால் பெட்டி போகும், பெட்டி போனால் ஊற்றும் போகும். ஜீப்புக்காரர்கள் வேறு, எப்போது வரட்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் மதியம் இருவரும் அருவி பார்க்கப் போயிருந்தபோது செங்கமலம் தலைக்குக் குளித்தாள். ஈரச் சேலையோடு வேனுக்குப் போய், அந்தச் சின்னக் கதவைத் திறந்து, பெட்டியை எடுத்தாள். திருட்டில்லை, ஒரு நேர இரவல் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டதாகப் பிறகு சொன்னாள். முந்தானையால் வாயைக் கட்டிக்கொண்டு, பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு வந்து, காய்ந்த கல்தொட்டிக்குள் இறக்கினாள். உறுமிக்காரர் ஓடி வந்தார், பெண்கள் குலவை போட்டார்கள், பூசாரி கற்பூரம் ஏற்றினார். மல்லிகையும் மரிக்கொழுந்தும் சாத்திய வெள்ளைப் பெட்டி பார்க்க அழகாகத்தான் இருந்தது.

விளிம்பில் இருந்த ஈரம் பின்வாங்கியது. எங்கள் கண் முன்னாலேயே, சாணி கிடப்பதைப் பார்த்துப் பாதத்தை இழுத்துக்கொள்கிற ஆளைப் போல, தண்ணீர் பாறைக்குள் தன்னை இழுத்துக்கொண்டது.

"உள்ள மூச்சு முட்டுது. தொறந்து காத்தாட விடணும் ஆத்தா" என்றார் பூசாரி. அவரே திறந்தார்.

கற்பூர வாசனை ஒரு நொடி நின்று பார்த்தது, பிறகு தோற்றுப் போனது. குலவை போட்டவர்கள் குலவையை வாய்க்குள்ளேயே விட்டார்கள். பூசாரி மேல் எந்தத் தெய்வமும் வரவில்லை, எந்தத் துர்தேவதையும் உதவிக்கு வரவில்லை. மூடியை மெதுவாகத் திரும்ப மூடினார்.

"இது சாமி இல்ல" என்றார்.

யார் முதலில் சிரித்தது என்று தெரியாது. ஆரஞ்சுத் தோட்டக்காரர் வீட்டுப் பெண்ணும் பக்கத்துத் தோட்டக்காரர் வீட்டுப் பெண்ணும் பேச்சு நின்று போனதை மறந்து ஒருவர் தோளில் ஒருவர் விழுந்து சிரித்தார்கள். தினமும் கும்பிட்டவர்கள் தாங்கள் கும்பிடவே இல்லை என்று சத்தியம் செய்தார்கள். செங்கமலம் சிரிக்கவில்லை. கரும்பாறைக்கு மேலே, உண்ணிச்செடி மண்டிய பள்ளத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் பார்ப்பதை ஒவ்வொருவராக நாங்களும் பார்த்தோம். சிரிப்பு அடங்கியது.

"அந்த மனுசன் தன்னோடதத் தானே தூக்கிட்டுப் போறாரு" என்றாள். "நானு ஊரூரா வந்தவுகளோடத எல்லாம் ஊத்துத் தலையில கொட்டி வச்சிருக்கேன். வச்சிட்டுப் போங்க, வச்சிட்டுப் போங்கன்னு இந்த வாயாலதான் சொன்னேன்."

முந்தானையை எடுத்து மறுபடி வாயைக் கட்டினாள். பெட்டியைத் தலையில் தூக்கி வைத்தாள். நடந்தாள். வாய் கட்டிய ஆள் தலையில் பெட்டி நகர்ந்ததும் உறுமிக்காரரின் கை தானாக உறுமியை இழுத்தது. நாங்கள் ஒதுங்கினோம். உள்ளே என்ன இருக்கிறது என்று இப்போது எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் செருப்பைக் கழற்றினோம். அந்த நேரத்தில் அவளுக்குச் செருப்போடு வழி விட எங்களால் முடியவில்லை.

செக்போஸ்ட் வளைவில் மரியநேசனும் கிரேஸியம்மாவும் எதிரே வந்தார்கள். தங்கள் பெட்டி பூ மாலையோடு உறுமிச் சத்தத்தில் இறங்கி வருவதைக் கண்டு அவர் பதறிப் போனார்.

"ஐயோ தங்கச்சி, அது எங்களோடது! குடுங்க, குடுங்க!"

பெட்டி தூக்குகிறவள் பேசக் கூடாது. அவள் பேசாமல் அவரைத் தாண்டிப் போனாள். அவர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு பின்னாலேயே நடந்தார். செக்போஸ்டை ஒட்டி செப்டிக் டேங்க் வைத்த பொதுக் கழிப்பறை ஒன்று இருக்கிறது. அங்கே போய்ப் பெட்டியை இறக்கினாள். எப்படிக் கவிழ்ப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை, அவர் காட்டிக்கொடுத்தார். இருவருமாகக் கழுவினார்கள். கிரேஸியம்மா பையிலிருந்து சோப்பு எடுத்துக் கொடுத்தார். கை கழுவிய பிறகுதான் அவள் வாய்க்கட்டை அவிழ்த்தாள்.

"மன்னிச்சிருங்கண்ணே. சாமின்னு நெனச்சு எடுத்துட்டேன்."

அதுவரை சார் என்று சொன்னவள் அண்ணே என்று சொன்னதை நாங்கள் கவனித்தோம். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. புரிந்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"அதான் எல்லாரும் செருப்பைக் கழட்டினீங்களா? நான் தினமும் இவகிட்ட சொல்லிட்டு இருக்கேன், கக்கூஸ் பெட்டியைச் சுத்தம் பண்ணப் போற ஆளுக்கு இவ்வளவு மரியாதை தர்ற ஊரை நான் பாத்ததே இல்லடின்னு. ஒரு நாள் கண்ணுல தண்ணியே வந்துடுச்சு எனக்கு!"

கிரேஸியம்மா சிரித்துச் சிரித்துத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். செங்கமலமும் சிரித்தாள், சிரிக்கும்போதே அழுதாள். அவள் அழுது நாங்கள் பார்த்தது அதுதான் முதல் தடவை.

மறுநாள் வகையறாக்காரர்கள் எல்லோரும் வாயைக் கட்டிக்கொண்டு பள்ளத்தில் இறங்கினோம். கையில் சாமிப் பெட்டிக்குப் பதில் கூடையும் சாக்கும் மண்வெட்டியும் இருந்தன. ஒருவரும் பேசவில்லை, பேசுகிற மாதிரியும் இல்லை. மரியநேசன் கிளம்பும் நாளைத் தள்ளி வைத்து, எதைக் குழி வெட்டிப் புதைக்கலாம், எதைக் கீழே கொண்டுபோய்த்தான் ஆக வேண்டும் என்று பிரித்துக் காட்டினார். எங்கள் கட்டிலையும் அண்டாவையும் ஏற்றிப் போக வந்த ஜீப்புகள் அந்த மூட்டைகளை ஏற்றிக்கொண்டு அடிவாரத்துக் குப்பைக் கிடங்குக்குப் போயின, திரும்பி வந்தன, மறுபடி போயின. ஜீப்புக்காரர்களும் எங்களைப் பார்த்து வாயைக் கட்டிக்கொண்டார்கள். திருவிழாவன்று வரை அது நடந்தது. அதையே அந்த வருசத்துத் திருவிழா என்று அம்மன் எடுத்துக்கொண்டிருக்க வேண்டும் என்று பூசாரி சொன்னார். அவர் சொன்னதில் எல்லோரும் ஒப்புக்கொண்டது அது ஒன்றுதான்.

பள்ளம் வெறும் பள்ளமாகி, அடியில் கல் தெரிந்தது. ஊற்று மறுபடி தொட்டி விளிம்புக்கு வந்தது. வந்து அங்கேயே நின்றது. உள்ளே இறங்கவில்லை. இன்னும் என்ன வேண்டும் என்று கேட்டோம், அது சொல்லவில்லை. வேன் கிளம்பும் நாளும் வந்துவிட்டது. வேன் போவதோடு இதுவும் போகுமோ என்ற பயம் பழையபடி வந்து எங்கள் நெஞ்சில் உட்கார்ந்தது. ஒரு ஜீப்பை மட்டும் கீழே அனுப்பாமல் நிறுத்தி வைத்திருந்தோம்.

கிளம்புவதற்கு முன் செங்கமலம் அவர்களுக்கு இலை போட்டாள். சுடுசோறு, மொச்சைக் குழம்பு, முருங்கைக்கீரை, பலாக்கொட்டைப் பொரியல், கடைசியில் பாயசம். ஊரே சுற்றி நின்று அவர்கள் சாப்பிடுவதைப் பார்த்தது. மரியநேசன் சாப்பிட்டு முடித்தார். பழக்கத்தில் கை இலையின் ஓரத்துக்குப் போனது. பிறகு நினைவு வந்து கையை எடுத்துக்கொண்டார். கடைசி நாள், இவள் மனம் நோகவேண்டாம் என்று அவர் நினைத்தது முகத்தில் தெரிந்தது. "இருக்கட்டும் தங்கச்சி, நீயே எடு" என்றார்.

செங்கமலம் நகரவில்லை. இலையைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், தொட்டி விளிம்பைப் பார்த்தாள். அடுத்து அவள் சொல்லப்போனது அவள் அம்மாவும் அம்மாவின் அம்மாவும் சொல்லாத சொல். யாரும் அவளுக்காக அதைச் சொல்ல முடியாது.

"எடுத்துக்கங்கண்ணே" என்றாள். "ஒங்க எலை. நீங்களே எடுத்துக்கங்க."

மரியநேசன் தலையாட்டினார். இலையைத் தன் பக்கமாக மடித்தார், உறவு வேண்டும் என்கிறவர்கள் மடிக்கிற பக்கம் அது. எழுந்தார். அவர் கையில் இலை எழுந்த அந்த நேரத்தில் எங்களுக்குப் பின்னால் கல்லில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. திரும்பிப் பார்க்கப் பயமாக இருந்தது. செங்கமலம்தான் முதலில் திரும்பினாள்.

முதல் குடம் அவள் மொண்டது. அதைக் கொண்டுபோய் வேனின் தண்ணீர்த் தொட்டியில் ஊற்றினாள். "போற வழிக்கு மதினி" என்று கிரேஸியம்மாவிடம் சொன்னாள். வேன் கிளம்பியது. வளைவில் திரும்புகிற வரைக்கும் நாங்கள் அதைப் பார்க்கவில்லை, எல்லோரும் கல்தொட்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். வேனின் சத்தம் தேய்ந்து அடங்கியது. தண்ணீரின் சத்தம் அடங்கவில்லை. நிறுத்தி வைத்திருந்த ஜீப்புக்காரர் தாமாகவே வண்டியைத் திருப்பிக்கொண்டு காலியாக இறங்கிப் போனார்.

அவர்களுக்கு நாங்கள் என்ன கைம்மாறு செய்ய முடியும்? வருசா வருசம் மாசி மாதம் அவர்கள் வரும்போது செக்போஸ்ட் வரை போய்க் காத்திருப்போம். மறுநாள் விடியற்காலையில் அவர் வெள்ளைப் பெட்டியோடு நடக்கும்போது ஒதுங்கி நின்று கும்பிடுவோம். அவர் கூச்சப்பட்டு, துண்டுக்குள் சிரித்துக்கொண்டே போவார். வீட்டு வண்டிகள் இப்போதும் வருகின்றன. பெட்டியை எங்கே கவிழ்ப்பது என்று செங்கமலம் முன்னால் நடந்து காட்டுகிறாள். சுவரில் இரண்டு அடி கூட்டிக் கட்டியிருக்கிறாள், மண் மிதிக்க எங்களைத்தான் கூப்பிட்டாள்.

சரி, செம்பைக் கீழே வையுங்கள். அவள் உள்ளே இலை போட்டுவிட்டாள், சோறு ஆறுவதற்குள் உட்காருங்கள். சாப்பிட்டு முடித்ததும் இலையை நீங்களே எடுத்துக்கொள்ளலாம், எங்கள் ஊரில் நீங்கள் அந்நியம் இல்லை.